ஒருத்தர் டிக்கெட் எடுக்கல

மருத்துவமனையின் முன்பக்கம் கண்ணாடியும் பளபளப்புமாக இருந்தது. பின்னால் போகப் போகக் கட்டடத்துக்கு வயது கூடிக்கொண்டே போனது. தொண்டை வார்டு கடைக்கோடியில். அங்கே போகும் வழியில் பாதி விளக்குகள் எரியவில்லை. மீதிப் பாதி கடனே என்று எரிந்தன. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நாள்பட்ட ஈரத்துணி வாடை.

பெரிய சிஸ்டர் முன்னால் நடந்தார். பின்னால் தோள்பையுடன் வந்தவளை அலுவலகத்தில் எல்லோரும் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொள்ளும் வைரஸ்களைப் பிடித்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அது என்ன செய்கிறது என்று எழுதுவது அவள் தொழில். பூச்சி பிடிக்கிறவளுக்குப் பூச்சி என்று பேர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. இந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கே ஒரு நினைப்பு இருந்தது.

வார்டுக் கதவருகே சிஸ்டர் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பேய் பிசாசுன்னு பேசறவ இல்ல நான். அதெல்லாம் நம்புனா இந்த வேலையில இருக்க முடியாது."

"சொல்லுங்க சிஸ்டர்."

"ஜன்னல் ஓரப் படுக்கை காலி. ஆனா அந்தப் பெட்டி பேசுது."

பூச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு படுக்கைக்கும் மேலே, சுவரில் ஓர் ஆணியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி தொங்கியது. தொண்டையில் அறுவை செய்துகொண்டு பேச்சை இழந்தவர்கள் இங்கே மாதக்கணக்கில் இருந்தார்கள். அறுவைக்கு முன்பே அவர்களைப் பேசவைத்துக் குரலைப் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு கையிலிருக்கும் பலகையில் என்ன தட்டினாலும் பெட்டி அதை அவரவர் சொந்தக் குரலில் பேசும். ஆனால் அந்தச் சொந்தக் குரல் பெட்டிக்குள் கிடையாது. எல்லாக் குரல்களும் பின்னறையில், சர்வர் என்கிற ஒரே பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன.

"ஜன்னல் ஓரத்துல யாரு இருந்தது?"

"ஒரு பஸ் கண்டக்டர். போய்ச் சேர்ந்துட்டாரு. அன்னிக்கு நான்தான் ட்யூட்டி." அதைப் பூச்சி கேட்கவில்லை, சிஸ்டராகவே சொன்னார். "பிளக்கைக்கூடப் புடுங்கிப் பாத்துட்டேன் மேடம்."

"உள்ள பேட்டரி இருக்கும் சிஸ்டர்."

"இருக்கட்டும். நீங்க போறப்ப அதை எடுத்துட்டுப் போயிடுங்க."

உள்ளே நுழைந்ததும் ஒரு குரல் வரவேற்றது. கொஞ்சம் கரகரப்பும் நிறையக் குறும்பும் கொண்ட ஒரு பெண்ணின் குரல்.

"வாங்க வாங்க, பேய் ஓட்டற மேடம்!"

கழுத்தில் கட்டுப்போட்ட இளம்பெண் ஒருத்தி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பலகையில் பறந்தன. வார்டே அவளைக் கிளி என்றது. தொண்டை போன பிறகும் வாய் ஓயாதவள்.

"கண்டக்டர் கதை தெரியுமா உங்களுக்கு?" என்றது அவள் பெட்டி. "டிக்கெட் எடுக்காம யாராவது உக்காந்திருந்தா அவருக்கு மூக்குல வேர்த்துடுமாம். ஆனா ஆளைப் புடிச்சு அசிங்கப்படுத்த மாட்டாரு. வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டு, முன்னாடி போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிட்டு நிப்பாராம். 'ஒருத்தர் டிக்கெட் எடுக்கல. யாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். அவங்களே வரட்டும்.' அந்த ஆள் எழுந்து வர்ற வரைக்கும் வண்டி நகராது. வந்து வாங்கினதும், 'போலாம் ரைட்'."

"நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். ஆனா செத்த பிறகும் ட்யூட்டி பாக்கணுமா?"

கிளி தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் வரவில்லை. பெட்டிக்குச் சிரிக்கத் தெரியாது.

அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். அப்பாவோடு வீட்டில் இருந்தாள். தினமும் பால்வாடி விட்டு வந்ததும் போன் போடுவாள். அம்மா குரலில் ஒரு கதை கேட்டால்தான் சாப்பாடு. இப்போது ஓடிக்கொண்டிருந்தது, பல் தேய்க்கப் பயப்படும் முதலையின் கதை.

"இந்தக் குரல் மட்டும் இல்லேன்னா என் பொண்ணுக்கு நான் யாரோ," என்றது பெட்டி. "அதனால பாத்துப் பண்ணுங்க மேடம். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல," என்றாள் பூச்சி.

அப்போதுதான் ஜன்னல் ஓரத்திலிருந்து அது வந்தது. விரித்து இழுத்துக் கட்டிய வெள்ளை விரிப்பு, யாருமில்லாத தலையணை, அதற்கு மேலே பெட்டி. நடுவயது கடந்த ஓர் ஆணின் குரல், அவசரமே இல்லாமல்:

"உள்ள போங்க, உள்ள போங்க. இடம் இருக்கு."

சிஸ்டர் வெளியே போய்விட்டார்.

பின்னறை ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையாக இருந்ததாம். வாடை அங்கிருந்துதான் வந்தது. மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அங்கே காத்திருந்தார். தலை நரைத்தவர், தோளில் எந்நேரமும் ஒரு வயர்ச் சுருள். அவருக்கு வயர் என்றே பேராகிவிட்டது.

பூச்சி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டாள். பிரிண்டருக்கான கோப்பு என்று வேஷம் போட்டுக்கொண்டு ஒன்று சர்வருக்குள் குடியிருந்தது. குரல்களை ஒவ்வொன்றாக நகலெடுத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் குரல்களை வைத்து வீடுகளுக்குப் போன் போட்டு ஏமாற்றுவதற்கான ஏற்பாடு. யாரும் கவனிக்காத ஒரு பெட்டியில் அவ்வப்போது பேசியும் பார்த்துக்கொண்டது.

"அவ்வளவுதான் அண்ணே. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஒத்திகை பாக்குது."

வயர் முகத்தில் நிம்மதி வரவில்லை. "நெட்டைப் புடுங்கிடட்டுமா மேடம்? எனக்கு இது முழுசாப் புரியல. ஆனா பயமா இருக்கு."

"இருங்க. யார்கிட்ட பேசுதுன்னு பாக்கணும். இப்பப் புடுங்கினா தடயம் போயிடும்."

அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு பொது வலைத்தளம் உண்டு. சந்தேகமான கோப்பை அங்கே போட்டால், உலகத்தில் வேறு யாராவது அதை முன்பே பார்த்திருக்கிறார்களா என்று சொல்லிவிடும். போட்டதை உலகமே பார்க்கலாம், செய்தவனும் பார்க்கலாம். ஓர் இடத்துக்கென்றே செய்து அனுப்பிய கோப்பை அங்கே போடக் கூடாது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தால் அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓடுவான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பூச்சியே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

ஆனால் புதிய வைரஸுக்குப் பேர் வைக்கும் உரிமை முதலில் கண்டவருக்கு. பேர்கூட அவள் மனதில் தயாராக இருந்தது: கள்ளக்குரல். வேறு யாராவது முந்திவிட்டார்களா என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போட்டாள்.

'இதுவரை யாரும் கண்டதில்லை' என்று பதில் வந்தது. அவளுக்குப் பெருமை தலைக்கேறியது. வயர் கொண்டுவந்து வைத்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

சர்வரின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக மினுக்கின.

திரையில் குரல் கோப்புகளின் பேர்கள் மேலிருந்து மறைய ஆரம்பித்தன. கூடவே செருகியிருந்த காப்புப் பிரதி வட்டிலும் மறைந்தன. பூச்சி பாய்ந்து நெட் கேபிளைப் பிடுங்கினாள். கையில் கேபிளோடு அவள் நிமிர்ந்தபோது திரை காலியாக இருந்தது.

வார்டு அமைதியாகிவிட்டது.

பிறகு எல்லாப் பெட்டிகளும் மறுபடி பேசின. ஆனால் ஒரே குரலில். கம்பெனியிலிருந்து வரும்போதே பெட்டியில் இருக்கும் குரல் அது. ரயில் நிலைய அறிவிப்பு போல ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரல். கிழவர்கள், இளைஞர்கள், ஒரு பள்ளி ஆசிரியை, எல்லோரும் அதே குரலில், "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்றார்கள்.

கிளியின் போன் அடித்தது.

கிளி அதை வெறித்துப் பார்த்தாள். எடுத்தாள். பலகையில் தட்டினாள்.

"செல்லக்குட்டி. அம்மாடா." பெட்டி செய்தி வாசிப்பதுபோலச் சொன்னது.

"யாரு?" என்றது குழந்தை.

"அம்மாதான். முதலை என்ன பண்ணுச்சு தெரியுமா."

"அம்மாகிட்ட குடுங்க."

"நான்தான் தங்கம்."

"அம்மாகிட்ட குடுங்க! ஆன்ட்டி, எங்க அம்மாகிட்ட குடுங்க!" குழந்தை அழ ஆரம்பித்தது. கிளி வாயைத் திறந்தாள். கழுத்துக் கட்டு ஏறி இறங்கியது. காற்று மட்டும் வந்தது.

பூச்சி வாசலில் நின்று பார்த்தாள். வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

நிர்வாக அதிகாரி வந்தார். யாரிடம் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே வந்தவர், வயரைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"கண்ட பென்டிரைவையும் செருகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மேடம், அதனாலதானே?"

வயர் பூச்சியைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. இந்த மேடம் விளக்கிச் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

"அப்படியும் இருக்கலாம்," என்றாள் பூச்சி.

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன் வாயையே பிடிக்கவில்லை. ஆனால் திருப்பி எடுக்கவும் இல்லை. வயர் தோளிலிருந்த சுருளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

அவள் தலைகுனிந்து வார்டைக் கடந்தபோது, ஜன்னல் ஓரம் பேசியது.

"வண்டிய ஓரங்கட்டுங்க."

அறிவிப்புக் குரலில் இல்லை. அவருடைய சொந்தக் குரலில். சர்வரில் அந்தக் குரல் இல்லை. மறைந்ததை அவளே கண்ணால் பார்த்தாள்.

"ஒருத்தர் டிக்கெட் எடுக்கல."

பெட்டியை ஆணியிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அலுவலகத்தில் வைரஸ்களைத் திறந்து பார்க்கவென்று ஓர் அறை உண்டு. எந்த அலையும் உள்ளே வராது, வெளியே போகாது, சுவரெல்லாம் தகடு. பட்டப்பகலில், அந்த அறையில், அவள் பெட்டியைப் பிரித்தாள். பேட்டரியை எடுத்தாள். ஒலிபெருக்கியின் கம்பியை வெட்டினாள். மேசைமேல் உதிரி பாகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். 'கள்ளக்குரல்: ஒரு புதிய அச்சுறுத்தல்' என்று தலைப்பிட்டாள். அழிவு எப்படித் தொடங்கியது என்ற இடத்தில், 'காரணம் தெளிவாகத் தெரியவில்லை' என்று எழுதினாள்.

"யாருன்னு எனக்குத் தெரியும்."

மேசைமேல் எதுவும் அசையவில்லை. வெட்டிய கம்பி வெட்டியபடியே கிடந்தது.

"நான் சொல்ல மாட்டேன்."

அவளுக்கு ஈரத்துணி வாடை அடித்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். லிஃப்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு மாடி இறங்கியதும் நின்றது. பட்டனை அழுத்தினார்கள், தட்டினார்கள், சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பூச்சி மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கதவைப் பார்த்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கதவை ஒட்டி, ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மங்கிப்போன காக்கிச் சட்டை. கழுத்தில் வெள்ளைக் கட்டு.

ஏறும்போது அப்படி யாரும் ஏறவில்லை.

அவர் திரும்பவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தபோது கதவு மட்டும் இருந்தது. மெக்கானிக் வந்து திறக்க நெடுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவள் ஏறிய எதுவும் ஒழுங்காகப் போகவில்லை. ஆட்டோ நடுச் சாலையில் மக்கர் செய்தது. ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நின்றது. ஒவ்வொரு தடவையும் கூட இருந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் இறங்கி நடந்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அறிக்கை வெளியாகி, பாராட்டு வந்து குவிந்தது. அவள் வைத்த பேரையே எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு பாராட்டையும் படிக்கும்போது, அம்மாகிட்ட குடுங்க என்று ஒரு குழந்தை காதுக்குள் அழுதது.

கடைசியில் ஒரு பஸ். வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியம். மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போக வேண்டிய வண்டி, சரியாக அந்த வாசலில் மூச்சை நிறுத்தியது. டிரைவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். கண்டக்டர் ஓர் இளம்பெண். பயணிகளை எண்ணினாள், கையிலிருந்த டிக்கெட் மிஷினைப் பார்த்தாள், மறுபடி எண்ணினாள்.

"என்னங்க இது, கணக்கு இடிக்குது. எல்லாரும் டிக்கெட்டைக் காட்டுங்க."

எல்லோரும் காட்டினார்கள். பூச்சியும் காட்டினாள். அவளிடம் டிக்கெட் இருந்தது.

முன்னால், டிரைவருக்குப் பின்னால், காக்கி முதுகு.

பூச்சி எழுந்து நின்றாள். "நான்தான்," என்றாள். யாருக்கும் புரியவில்லை. முன் சீட்டில் இருந்த பெரியவர், உடம்பு சரியில்லையாம்மா என்று கேட்டார். "நான்தான் பண்ணேன். வயர் அண்ணன் இல்ல. நான்தான்."

எஞ்சின் கிளம்பவில்லை.

முதுகு திரும்பாமலே, அவசரமில்லாத அந்தக் குரல் வந்தது. அவளுக்கு மட்டும்.

"இவங்ககிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்? உங்க ஸ்டாப் வந்துடுச்சு. இறங்குங்க."

இறங்கினாள். கால் தரையில் பட்டதும் பின்னால் எஞ்சின் உறுமியது.

வார்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே குரலில் பேச எல்லோருக்கும் அலுத்துவிட்டது போலிருந்தது. கிளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

"நாலு நாளா எடுக்கறதே இல்ல," என்றார் பெரிய சிஸ்டர். மருந்துத் தட்டோடு நின்றிருந்தார்.

"அதிகாரியைக் கூப்பிடுங்க சிஸ்டர்."

அவர் வந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி பூச்சி சொன்னாள். கோப்பை எங்கே போட்டாள், எதற்காகப் போட்டாள், வயர் தடுக்கப் பார்த்தது, அவள் இருக்கச் சொன்னது. பேர் வைக்கும் ஆசையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதையும் சொன்னாள். "அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்க. அறிக்கையை மாத்தி எழுதறேன்." அதிகாரிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கிளி மெல்லத் திரும்பினாள். பலகையை எடுத்தாள்.

"தெரியும்," என்றது ரயில் நிலையக் குரல்.

"எப்படி?"

"அன்னிக்கே உங்க மூஞ்சி சொல்லுச்சு." விரல்கள் நின்றன. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டின. "என் குரல் திரும்ப வருமா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"வராது," என்றாள் பூச்சி.

கிளி பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல் பூச்சி அங்கேயே நின்றாள்.

ஜன்னல் ஓரத்தில், பெட்டி இல்லாத வெறும் ஆணியிலிருந்து, தெளிவாகக் கேட்டது.

"போலாம், ரைட்."

வார்டு முழுவதும் தலையைத் தூக்கியது. கிளியும் தூக்கினாள். பூச்சி கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

ஈரத்துணி வாடை போகவில்லை.

"இருங்க, இருங்க. வண்டிய எடுக்காதீங்க," என்றது ஆணி. "இன்னும் ஒருத்தர் இருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியும்."

பூச்சிக்குப் பின்னால், பெரிய சிஸ்டர் கையிலிருந்த தட்டில் மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்க ஆரம்பித்தன.